மெசினிடம் பெண் கேட்ட வருஷம்

28.12.1986
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அர்ஜுனனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, மிச்சமிருக்கிற நான்கு கோழிகள் எல்லாரும் சுகம். அங்கே மீரியில் கடலுக்கு நடுவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று செவ்வாய்தோறும் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறேன். சுகமில்லை என்றால் உடனே எழுது, சுகம் என்றால் இரண்டு நாள் கழித்து எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் எழுது. இங்கே மழை. தீபாவளிக்குப் பிடித்தது இன்னும் விட்டபாடில்லை. துணி காய்வதே இல்லை. அப்பாவின் கால்சட்டையை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன், அன்றைக்குப் பார்த்துக் கருவாடு வறுத்தேன், இப்போது அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தேயிலை காயவைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். தேயிலையில் அந்த வாசம் ஏறிவிட்டால் துரை கண்டுபிடித்துவிடுவாரே என்று கேட்டேன். வெளிநாட்டுக்குப் போற தேயிலைதானே, அவங்களும் கொஞ்சம் ருசியா குடிக்கட்டும் என்கிறார். இந்த வாயை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் தொழிற்சாலையில் நிலைத்துவிட்டார், அதுவே அம்மன் அருள்.

வருஷம் முடியப் போகிறது, என்னதான் நடந்தது என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். போன வருஷம் இந்நேரம் நம் வீட்டில் டெலிவிஷன் கிடையாது. இப்போது டெலிவிஷன் இருக்கிறது, படம் கிடையாது. மலை மறைக்கிறதாம். சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது, அப்பா தினமும் அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்கிறார். நல்லா இருந்த ரேடியோவைக் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கினோம். வருஷ முடிவில் ஒரு நல்ல பழக்கம் பழகுவேன் என்று அப்பா ஒவ்வொரு டிசம்பரும் சொல்வாரே, போன தடவை சுருட்டை விடுவதாகச் சொன்னார், ஜனவரி மூன்றாம் தேதி வரைக்கும் விட்டார். இந்த வருஷம் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார், இதையாவது காப்பாற்றுவார் என்று நம்புகிறேன். உன் அக்கா தங்கம்மா கோலா தெர்லாவில் நன்றாக இருக்கிறாள். போன மாதம் மாப்பிள்ளை லோரி நிறைய முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கினார், வழியில் மண் சரிந்து கிடந்ததால் அப்படியே திரும்பி வந்துவிட்டார். அவ்வளவு முட்டைக்கோஸையும் சொந்தக்காரர்கள் தின்றுதான் தீர்த்தோம். பொரியல் வைத்தேன், கூட்டு வைத்தேன், சாம்பாரில் போட்டேன், ஒரு நாள் தோசை மாவிலும் நறுக்கிப் போட்டேன். அன்றைக்கு அப்பா சாயந்திரம் வரை என்னிடம் பேசவில்லை. மறுநாள் ரசத்தில் போட்டேன், பேசினார்.

சரி, இதையெல்லாம் நீ தாண்டிக்கொண்டு போவாய் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை, உனக்கு அங்கே சோறு இறங்கியிருக்காது, அதுவும் தெரியும். நீயும் லேசுப்பட்டவன் இல்லை. முதல் பக்கம் முழுக்க மழையைப் பற்றிக் கேட்டாய். இரண்டாம் பக்கம் கோழியைப் பற்றிக் கேட்டாய். அக்கா பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாய், அவனுக்கு நாலு வயதாகிறது, சீக்கிரம் விழவே ஆரம்பித்துவிடும். கையெழுத்தெல்லாம் போட்ட பிறகு, கீழே எறும்பு மாதிரி குட்டி எழுத்தில், அம்மா, அத்தை வீட்டில் பேசி எனக்குச் சீதாவைக் கேளுங்கள், அவள் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் படித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டுப் படித்தார், பிறகு கோழிக்குத் தீனி வைக்கணும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அன்றைக்குக் கோழிகள் மூன்று வேளை சாப்பிட்டன. உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சீதாவைத் தாப்பாவிலிருந்து கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீஸில் வேலை, சொந்தக் காடி வைத்திருக்கிறான், வேலைக்கே காரில்தான் போகிறானாம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நான் போய்க் கேட்டாக வேண்டும். கேட்க வேண்டிய இடம் எது, நான் ஆறு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத உன் அத்தை மணியம்மா வீடு. இதுதான் என் நிலைமை, நீ பாட்டுக்குக் குட்டி எழுத்தில் எழுதிவிட்டாய்.

அத்தையும் நானும் ஏன் பேசுவதில்லை என்பது உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன், இந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் மறக்கவில்லை. அக்கா கல்யாணத்துக்குக் கோலா தெர்லாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு லோரியில் வருவதாகத்தான் பேச்சு. மூன்று லோரியில் வந்தார்கள். அவர்களை முதல் பந்தியில் உட்காரவைக்காமல் வேறு யாரை உட்காரவைப்பது? உன் மாமா இராமையா இலையில் உட்காரப் போனவர், இடமில்லை என்று தானாகவே எழுந்துபோய் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார். இரண்டாம் பந்திக்குப் பாயசம் எட்டவில்லை என்று அத்தை சொல்கிறாள். எட்டியது என்று நான் சொல்கிறேன், கொஞ்சம் தண்ணீராக இருந்திருக்கும். மாமாவைக் கேட்டால், எனக்கு இனிப்பே ஆகாதேம்மா, நான் கவனிக்கலயே என்பார். ஆனால் அத்தை சம்பந்திகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, ‘கூடப் பொறந்தவ புருசன ரெண்டாம் பந்தியில உக்கார வச்ச வீட்டுல இனி நான் பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டேன்’ என்றாள். குடிக்க வேணாம், உங்க லயத்துலயும் கொழாய் இருக்கு என்று நான் சொன்னேன். அவ்வளவுதான். அன்றையிலிருந்து கோயிலில் அவள் இடது பக்கம் நிற்கிறாள், நான் வலது பக்கம் நிற்கிறேன். பாயசம் எட்டியது என்று இன்றைக்குக் கேட்டாலும் நான் அம்மன் முன்னால் சொல்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் தோட்டத்துக்குக் கொழுந்து வெட்டுகிற மெசின் வந்தது. நீ இருந்தபோது கத்தரியால் வெட்டினோம், அது ஆளுக்கு ஒன்று, யாரோடும் சேர வேண்டியதில்லை. இது அப்படி இல்லை. நிரைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள், செடிக்கு மேலே மெசினை ஏந்திக்கொண்டு சேர்ந்து நடக்க வேண்டும். வெட்டின கொழுந்து பின்னால் தொங்குகிற நீளப் பையில் போய் விழும், அதைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் வர வேண்டும். ஏந்துகிற இரண்டு பேரும் ஒரே உயரம் இல்லை என்றால் செடிக்கு ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் குடுமி. அதனால் கந்தசாமி கங்காணி எங்களை எல்லாம் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் உயரப்படி நிற்கவைத்துச் சோடி பிரித்தார். இந்தத் தோட்டத்துப் பெண்களில் என் உயரத்துக்கு ஒருத்திதான் இருக்கிறாள், யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கங்காணிக்கும் எல்லாம் தெரியும், அவர் அந்தக் கல்யாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டவர். தரையைப் பார்த்துக்கொண்டு, செல்லம் மணியம்மா ஒரு மெசின் என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் மலையின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். பை பிடிக்க நவமணியைப் போட்டார். அவள் வாய் உனக்குத் தெரியும், அவளிடம் ஒன்றைச் சொன்னால் பேப்பரில் போட்ட மாதிரி, ஆனால் பேப்பர் மறுநாள்தான் வரும்.

ஆறு வருஷம் பேசாத இரண்டு பேர் ஒரு மெசினைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதை நீ பார்த்திருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது யார் கத்தினாலும் காதில் விழாது, அந்த நேரம் நிம்மதி. நிறுத்தும்போதுதான் வம்பு. முதல் நாள் நான் நடந்தேன், அவள் நின்றாள். அவள் தூக்கினாள், நான் இறக்கினேன். சாயந்திரம் துரை வந்து எங்கள் நிரையைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் ஆடு ஏதும் புகுந்துவிட்டதா என்று கங்காணியிடம் கேட்டாராம். இந்த மாதிரி போனால் இரண்டு பேரும் புல் பிடுங்கத்தான் போகணும் என்று கங்காணி சொல்லிவிட்டார். மறுநாள் என்ஜின் நின்றதும் அத்தை மெசினைப் பார்த்து, ‘ஏ மெசினு, ஒன் அந்தப் பக்கத்தக் கொஞ்சம் தூக்கிப் புடிக்கச் சொல்லு’ என்றாள். நான் பையைப் பார்த்து, ‘தூக்கித்தான்லா இருக்கு, எதிர்ப்பக்கந்தான் எறங்கிக் கெடக்கு’ என்றேன். அப்படியே பழகிவிட்டது. அவள் மெசினிடம் சொல்வாள், நான் பையிடம் சொல்வேன், நடுவில் நவமணி பூப்பந்து ஆட்டம் பார்க்கிற மாதிரி தலையை இப்படியும் அப்படியும் திருப்புவாள். இரண்டு மாதத்தில் எங்கள் நிரைதான் தோட்டத்திலேயே நேர் என்று பேர் வாங்கிவிட்டோம். மற்றச் சோடிகள் எல்லாம் பேசிக்கொண்டே போய்க் கோணலாக வெட்டின.

சாடையாகப் பேசினாலும் பேச்சு பேச்சுதானே. உன் மாமாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி மாதிரி இருக்கிற கோயில் பாதையில் ஏற முடியவில்லை என்று அத்தை ஒருநாள் மெசினிடம் சொல்லி வருத்தப்பட்டாள். மறுநாள் நான் ஒரு தைல பாட்டிலைக் கொண்டுபோய்ப் பெட்ரோல் டின் பக்கத்தில் வைத்தேன், யாருக்கு என்று சொல்லவில்லை. சாயந்திரம் பார்த்தால் பாட்டில் அங்கே இல்லை. மெசினுக்கு முழங்கால் கிடையாது. சீதா திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், பூவையெல்லாம் கட்டி அடுக்குகிற கொட்டகைக்கே அவளை மேஸ்திரி ஆக்கியதும் எனக்கு இப்படித்தான் தெரியும். தாப்பாக்காரன் விஷயமும் இப்படித்தான் புரட்டாசியில் காதில் விழுந்தது. அப்போது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை, நல்ல இடம் என்றுதான் நினைத்தேன். தீபாவளிக்கு உன் கடிதம் வந்த பிறகு அந்தக் காடியை நினைத்தாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

முதலில் அப்பாவை அனுப்பினேன். கூடப் பிறந்த தங்கை வீடுதானே, அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டையும் இல்லை. போனார், ஒரு மணி நேரம் கழித்து ஒரு கூடை கீரையோடு வந்தார். கேட்டீர்களா என்றேன். கேட்டேன், இராமையாவுக்கு முழங்கால் இப்ப தேவலையாம் என்றார். பிறகு தங்கம்மா மாப்பிள்ளையை அனுப்பினேன். அவரும் போனார், டீ குடித்தார், அவர்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் ஒழுகலைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார். ஆண்பிள்ளைகளை நம்பி ஒரு காரியத்துக்கு இறங்கினது என் தப்பு. அதனால் ஒரு நாள் என்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்றும்போது நானே மனதைத் தைரியப்படுத்திக்கொண்டு மெசினைப் பார்த்து, ‘மீரியில ஒரு பையன் இருக்கான், வெல்டிங் வேலை, குடி கெடையாது, அத்தை மக முறையில ஒரு பொண்ணு இருந்தாச் சொல்லு’ என்றேன். அத்தை கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றி மாட்டினாள். பிறகு பையைப் பார்த்து, ‘தாப்பா மாப்பிள்ளைக்குக் காடி இருக்காம், மீரிக்காரன்கிட்ட என்ன இருக்குன்னு கேட்டுச் சொல்லு’ என்றாள். கடல்ல வேலை பாக்குறவனுக்குக் காடி எதுக்கு, எங்க கொண்டு போய் ஓட்டுறது என்று நான் மெசினுக்குச் சொன்னேன். அவள் என்ஜினை இழுத்து ஓடவிட்டுவிட்டாள். 

நவமணி பையைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டவள்தானே. சாயந்திரம் குழாயடிக்குப் போனால், அர்ஜுனனுக்குத் தையில் கல்யாணமாமே என்று மூன்று பேர் கேட்டார்கள். கடைக்காரர் வெல்லம் எத்தனை மூட்டை சொல்லி வைக்கணும் என்று கேட்டார். கோயில் பூசாரி மண்டபத்தில் வேறு யாருக்கும் நாள் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறாராம். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, பெண்ணைப் பெற்றவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என்னைப் பார்த்து, ‘மெசின்கிட்ட பொண்ணு கேட்டவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான் செல்லம்’ என்றார். சிரிக்காமல்தான் சொன்னார், அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ராத்திரி முழுக்க மழை, காலையில் விட்டது, மேட்டு நிரையில் வெட்டிக்கொண்டிருந்தோம். செடிக்கு அடியில் தண்ணீர் அரித்துக் குழி விழுந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. என் கால் முட்டி வரைக்கும் உள்ளே போய்விட்டது, நான் சாய்ந்தேன், மெசினும் ஓடுகிற கத்தியோடு என் பக்கமே சாய்ந்தது. அத்தை அந்த முனையிலிருந்து அவ்வளவு பாரத்தையும் ஒற்றை ஆளாக இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு என்ஜினை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, ‘அண்ணி! கைய எடுங்க அண்ணி!’ என்று மலையே கேட்கிற மாதிரி கத்தினாள். ஆறு வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை. நான் கையை எடுத்தேன். பத்து விரலும் இருக்கிறது, அதில்தான் இப்போது எழுதுகிறேன். என்னைக் குழியிலிருந்து தூக்கி உட்காரவைத்து, கால் கையெல்லாம் தடவிப் பார்த்தாள், திட்டினாள், கண்ணு எங்க வச்சிருந்தீங்க என்றாள், இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து அழுதோம். நவமணி பையைப் பிடித்தபடி நின்று அழுதாள், அவள் எதற்கு அழுதாள் என்று தெரியவில்லை. அழுகை நின்றதும், பேசிவிட்டோமே என்பது அத்தைக்கு ஞாபகம் வந்து முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள். ஆனால் வாயை விட்ட பிறகு என்ன செய்வது. நிரை முடிகிற இடத்தில், ‘அண்ணி, மெசின்கிட்ட கேட்டா மெசின்தான் பதில் சொல்லும். பொண்ணு வேணும்னா வீட்டுக்கு வாங்க’ என்றாள். இழுத்ததில் அவள் தோள் பிசகிவிட்டது. ராத்திரிக்குள் அதே தைலம் வேறொரு பாட்டில் கொண்டுபோய் நேராக அவள் கையில் கொடுத்தேன்.

கிறிஸ்மஸுக்கு மறுநாளும் துரை லீவு கொடுத்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆரஞ்சு, பூ எல்லாம் வைத்து, அப்பாவுக்கு வேட்டி கட்டிவிட்டு, குளிருக்கு வேட்டிக்கு மேலே ஸ்வெட்டர் போடவைத்து அழைத்துப் போனேன். எதிர் லயத்து வீடுதான், இருபது அடி. அந்த இருபது அடிக்கும் மழையில் குடை பிடித்துக்கொண்டு தோட்டமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. மாமா, ‘வாம்மா தங்கச்சி, நனையாத’ என்று சொல்லி உள்ளே கூப்பிட்டார். உட்கார்ந்ததும் அவரும் அப்பாவும் டெலிவிஷன் கம்பியை எந்தப் பக்கம் திருப்பினால் படம் வரும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை பாயசம் கொண்டுவந்து வைத்தாள். கரண்டி நட்டால் நிற்கும், அவ்வளவு கெட்டி. நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். பாயசத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், என் மகனுக்கு உன் மகளைக் கொடு மணியம்மா என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. ‘அண்ணன் மகன் இருக்கையில நான் எதுக்கு அண்ணி வெளிய குடுக்கணும், நீங்க வரமாட்டீங்கன்னுதான் தாப்பாவுக்குச் சரின்னு சொன்னேன், வர்றவங்கள வராதீங்கன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல’ என்றாள். அதை நான் பாத்துக்கிறேன் என்று மாமா சொன்னார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தட்டை எடுத்து நீட்டினேன், அத்தை இரண்டு கையையும் நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துச் சீதா வேலையிலிருந்து வந்தாள். புது வருஷத்துக்குக் கோலாலம்பூருக்குப் பூ போக வேண்டும் என்று அவர்களுக்கு லீவு இல்லையாம். சட்டைக் கையெல்லாம் ஈரம், தலையில் செவ்வந்தி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள், காலைத் துடைத்தாள், எங்களைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். எல்லாம் முடிஞ்சிருச்சா அத்தை என்று கேட்டாள். முடிஞ்ச மாதிரிதான்மா என்றேன். அவள் என் பக்கத்தில் வந்து கீழே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், பூ எண்ணிக் கட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. ‘நீங்க வந்ததுல எனக்குச் சந்தோசம் அத்தை. ஆனா அத்தான் மீரிக்குப் போக பஸ் ஏறுன அன்னைக்கு நான் அந்த ரோட்டுலதான் நின்னேன். எங்க அம்மாவுக்குப் பயந்துக்கிட்டோ உங்களுக்குப் பயந்துக்கிட்டோ, திரும்பிக்கூட பாக்கல. நாலு வருசம் ஒரு வரி எனக்கு எழுதல. இப்ப வேணும்னு தோணுனதும் அம்மாவுக்கு எழுதுறாரு. தாப்பாக்காரரு யாரோ எவரோ, அவரே என்னப் பாக்க நேர்ல வர்றாரு. அத்தானும் வரட்டும். எங்கிட்ட கேக்கட்டும். நான் அவருகிட்ட பதில் சொல்றேன். இப்ப தட்டு மாத்த வேணாம் அத்தை, எடுத்துட்டுப் போங்க.’ சொல்லிவிட்டு, டீ குடிச்சீங்களா, போடட்டுமா என்று கேட்டாள்.

உன் அத்தை அவளைத் திட்டினாள். மாமா முழங்காலைத் தடவிக்கொண்டு தலையைக் குனிந்து சிரித்தார். சீதா டீ போட்டாள், நாங்கள் குடித்தோம், நல்ல டீ. தட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அந்த இருபது அடியையும் அத்தனை பேர் முன்னாலும் நடந்து வந்தேன். என்ன ஆச்சு என்று நவமணி ஓடி வந்து கேட்டாள், வாழைப்பழம் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினதும் அப்பா ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே, புள்ள சரியாத்தான் கேக்குது என்றார். இந்த வருஷம் முழுக்க அவர் பேசினதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். எனக்கு அவள் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உன் மேல்தான் வந்தது. ரோட்டில் ஒரு பிள்ளை உனக்காக நின்றிருக்கிறது, நீ ஒரு கையைக்கூட ஆட்டவில்லையா? ஆறு வருஷமாக நானும் அவள் அம்மாவும் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்ததில், அவள் வளர்ந்து இப்படி ஒரு ஆளாக நிற்பதை நான் பார்க்கவே இல்லை. முன்னெல்லாம் சாயந்திரம் ஓடி வந்து நம் அடுப்படியில் உட்கார்ந்து உப்பு மாங்காய் தின்கிற பிள்ளை. அன்றைக்கு ராத்திரி நினைத்து நினைத்து அழுதேன்.

அதனால் நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இந்த விஷயமாக இனி எனக்கு ஒரு வரியும் எழுதாதே, அவளுக்கு எழுது. விலாசம் நம்முடைய விலாசம்தான், பெயரை மட்டும் மாற்று, கவரை நன்றாக ஒட்டு, நவமணிக்குக் கண் கூர்மை. உங்கள் மேனேஜரிடம் லீவு கேள். பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிடு. உன் மாமா தாப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பப் போனார், சீதா விடவில்லை, வரட்டும் அப்பா, வந்துட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டாள், ஆகவே அவர்கள் வருவது வருவதுதான். நீ மலையேற பஸ் மாற வேண்டிய ஊரும் தாப்பாதான், அங்கே இறங்கி டீ குடித்துக்கொண்டு நிற்காதே, வந்த பஸ்ஸில் ஏறு. கம்பளிச் சட்டை கொண்டு வா, அங்கே வெயிலில் இருந்து உனக்கு இந்தக் குளிர் மறந்திருக்கும். அவளிடம் பேசும்போது குட்டி எழுத்தில் எழுதின மாதிரி முனகாதே, வாயைத் திறந்து பேசு. அப்பா ஆசீர்வாதம் சொல்கிறார், வரும்போது டெலிவிஷனுக்கு நல்ல கம்பி ஒன்று வாங்கி வரச் சொல்கிறார், அதைக் காதில் வாங்காதே. பிறக்கிற வருஷத்தில் நீ நோய் நொடி இல்லாமல், கடல் உன்னைப் பத்திரமாகக் கரையில் கொண்டுவந்து விட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் தம்பி. அந்த வீட்டுக்குள் போகிற வரைக்கும் நான் உனக்காகத்தான் பெண் கேட்டேன். நீ வராமல் அவள் தாப்பாவுக்குப் போய்விட்டால், உனக்கு எங்காவது வேறு பெண் கிடைப்பாள். எனக்கு இந்த மருமகள் கிடைக்க மாட்டாள். கிளம்பி வா.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா
செல்லம் சிங்காரம்